எச்சில் வாளியின் எடை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்தது. மூன்றாவது மாபெரும் திருப்பம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கதவுக் கீல் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில், நான்கு குண்டூசிகளால் குத்தி வைக்கப்பட்டது. "இன்றுடன் இங்கே வெள்ளை அரிசியின் சகாப்தம் முடிவுக்கு வருகிறது" என்று தொடங்கியது அது.

இரண்டாவது வரியில் புது சகாப்தத்தின் பெயர் இருந்தது. 'பழுப்பரிசி மற்றும் காய்கறிகள் ஒருங்கிணைந்த முழுதானிய மதிய உணவுத் திட்டம்.' அதைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் பசி எடுத்துவிட்டது. கீழே ஓர் அட்டவணை. புரதம், நார்ச்சத்து, மக்னீசியம், கலோரி என்று நான்கு நிறத்தில் கட்டம் கட்டியிருந்தது. அதற்கும் கீழே நல அதிகாரியின் கையெழுத்து, அட்டவணையைவிடக் கொஞ்சம் பெரிதாக.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று அண்ணி எட்டிப் பார்த்தாள். அட்டவணையை அவள் பார்க்கவே இல்லை. அவள் கண் நின்றது கடைசி வரியில்.

அண்ணிதான் அந்தத் தொழிற்சாலை உணவுக்கூடத்தின் தலைமைச் சமையல்காரி. அவள் கணவர் அங்கேயே டூல் ரூமில் வேலை பார்க்கிறார். அவர் எல்லாருக்கும் அண்ணன், அதனால் இவள் எல்லாருக்கும் அண்ணி. அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அண்ணிதான். நூற்றிருபது பேருக்குப் பதினெட்டு வருஷமாகச் சோறு போட்ட கை. அந்தக் கைக்குத்தான் இப்போது நிபந்தனை போட்டிருந்தார்கள். முப்பதாவது நாள் மதியம் பொது மேலாளர் நேரில் வருவார். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தபின் எச்சில் வாளியை எடை போடுவார்கள். பத்து கிலோவைத் தாண்டினால் சமையலறைக்கு மூடுவிழா. வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு வரும், அடுப்பு இருக்கிற இடத்தில் பாலிஷ் மெஷின் வரும்.

"நாலு பேர் வயித்துப்பாட்டை ஒரு வாளியில கொண்டுபோய் வெச்சிருக்கான் பாருங்கக்கா" என்றாள் சின்னவள். அண்ணியின் கொழுந்தன் மனைவி, சமையலறையில் இரண்டாவது கை. வெங்காயம் நறுக்கும்போதுகூட அவள் கண் கலங்கியதில்லை. வாய் மட்டும் எப்போதும் காரமாக இருக்கும்.

நல அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் இரண்டு நாள் ஊட்டச்சத்துப் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் ஒரு தடித்த புத்தகமும் ஏராளமான நல்லெண்ணமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். அன்றிலிருந்து அவர் வாயில் 'சாப்பாடு' என்ற சொல் வரவில்லை. 'உணவு' என்றார். 'தின்பது' போய் 'உட்கொள்வது' வந்தது.

"வெள்ளை அரிசி என்பது தோலுரிக்கப்பட்ட அரிசி" என்று மேஜைமேல் ஏறாத குறையாக முழங்கினார். "தவிடும் முளையும் ஆலையிலேயே போய்விடுகிறது. மிச்சம் வருவது மாவு. பழுப்பரிசியில் உமியை மட்டும்தான் எடுக்கிறார்கள். நார்ச்சத்து இருக்கிறது, பி வைட்டமின்கள் இருக்கின்றன, மக்னீசியம் இருக்கிறது. மெதுவாகச் செரிக்கும், மூன்று மணிக்குத் தூக்கம் வராது. கூடவே கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், குடைமிளகாய்! தானியத்தில் இல்லாத ஏ, சி வைட்டமின்கள் காய்கறியிலிருந்து வரும்!"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சரியான விஷயத்தைச் சொல்லியே ஒரு மனிதன் இவ்வளவு எரிச்சல் கிளப்ப முடியும் என்பது அங்கிருந்தவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

தப்பு செய்முறைத் தாளில் இருந்தது. அரிசியை ஊறவைக்கக் கூடாது, ஊறல் தண்ணீரோடு சத்து போய்விடும். காய்கறியைத் தோல் சீவக் கூடாது. கட்டைவிரல் நீளத்துக்குக் குறைவாக வெட்டக் கூடாது. வதக்கக் கூடாது. நாற்பது நிமிடத்துக்கு மேல் அடுப்பில் இருக்கக் கூடாது. தாளில் 'கூடும்' என்று ஒரு வரிகூட இல்லை. அண்ணி மூன்று முறை தேடிப் பார்த்தாள்.

"சார், இது ஊறாம வேகாதே."

"சூத்திரத்தை மாற்றினால் அட்டவணை மாறிவிடும் அம்மா."

முதல் நாள் சாதம் வெளியே வெடித்து, உள்ளே மணலாக வந்து சேர்ந்தது. பீன்ஸ் முழுக்குச்சியாகத் தட்டில் கிடந்தது. பிரஸ் மெஷினில் வேலை பார்க்கும் ஒல்லி முதல் வாயிலேயே நிறுத்திவிட்டு, கடைவாயைத் தடவிப் பார்த்தான். ஒல்லி என்பது பட்டப்பெயர். ஆள் கதவு அகலம் இருப்பான். கீலே அவனுக்காகத்தான் செய்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

"அண்ணி, இந்த அரிசியைக் கீழ கொட்டி வேஸ்ட் பண்ணாதீங்க. கீல்ல நடுவுல பின்னுக்குப் பதிலா போடலாம்."

"டேய், நான் என்னடா பண்றது, மேலிடத்து உத்தரவு."

"உத்தரவு நல்லா வெந்திருக்கு. சோறுதான் வேகல."

பேக்கிங் பிரிவில் கீல் பெட்டிகளை நிறுக்கும் தராசை நல அதிகாரி வாங்கிவந்து வைத்திருந்தார். வாளியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். வாளியின் எடையைக் கழித்த பிறகும் நாற்பத்தேழு கிலோ. இன்னொரு வாளி கொண்டுவரச் சொன்னவனைச் சின்னவள் முறைத்ததில் அவன் அப்படியே திரும்பிவிட்டான்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் ஒருவன் சாதத்தை எடுத்து வாயில் போட்டுப் பார்த்திருப்பான். நல அதிகாரி பயிற்சி பெற்றவர். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வெளியே வந்தபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"காரணம் தெரிந்துவிட்டது. ஒரு தட்டில் நானூறு கிராம் சாதம் போடுகிறீர்கள். நூறு கிராம் பழுப்பரிசியில் முந்நூற்றறுபது கலோரி. ஆக, தட்டு ஒன்றுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது! மதிய வேளைக்கு இது மிகையூட்டம் அம்மா. உடம்பே இதை மறுக்கிறது. அதனால்தான் வாளிக்குப் போகிறது. நாளை முதல் நூற்றைம்பது கிராம். ஐநூற்று நாற்பது கலோரி. கச்சிதம்!"

அண்ணி கணக்கில் புலி இல்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக அரிசியைப் பானையில் போட்டு, சாதத்தைப் பானையிலிருந்து எடுத்தவள். போட்டதும் எடுத்ததும் ஒரே அளவாக இருந்த நாள் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

"சார், புத்தகத்துல போட்டிருக்கறது அரிசியா, சாதமா?"

"பழுப்பரிசி என்று தெளிவாக இருக்கிறது."

"அதுக்கில்ல சார். அரிசி வேகும்போது தண்ணி குடிக்கும்ல?"

"குடிக்கட்டுமே."

"அந்தத் தண்ணியும் சேர்ந்துதானே சார் இந்த நானூறு கிராம்?"

"தண்ணீரில் கலோரியே கிடையாது அம்மா" என்றார் அவர், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"நீங்கள் ஒப்புக்கொண்டதில் மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் அண்ணி சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தாள். அதிகாரி வருவது ஒன்பது மணிக்கு. அவள் ஆறு மணிக்கு வந்து, அளந்த தண்ணீரில் அரிசியை ஊறப்போட்டாள். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தாள். சத்து எங்கேயும் போகவில்லை, அரிசிக்குள்ளேயே திரும்பிப் போனது. கேரட்டைச் சின்னதாக நறுக்கி முதலில் போட்டாள், பிறகு பீன்ஸ், கடைசிக் கொதியில் பட்டாணி. கோஸை இறக்குவதற்குச் சற்று முன்னால் கிள்ளிப் போட்டாள். வெங்காயமும் பூண்டும் ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதங்கின. அதற்குச் சின்னவள் ஜன்னலைத் திறந்துவைத்து, வாசனையைப் பாலிஷ் பிரிவின் பக்கம் விரட்டினாள். மிளகு தட்டிப் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்தாள்.

ஒருநாள் அதிகாரி மோப்பம் பிடித்துவிட்டார். "எலுமிச்சையா?"

அண்ணி பிழிந்த தோலைக் காலால் அடுப்படிக்குள் தள்ளினாள். ஆனால் அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தார். "வைட்டமின் சி! தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். நான் சொல்ல மறந்ததை நீங்களாகவே செய்திருக்கிறீர்களே!"

"உங்க கூட இருந்து கத்துக்கிட்டதுதான் சார்" என்றாள் சின்னவள், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

வாளி இறங்கியது. ஒரே நாளில் நாற்பத்தேழிலிருந்து ஆறு. அப்புறம் மூன்று. இரண்டாவது வாரத்தில் அரைக் கிலோ. நல அதிகாரி சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார். அதில் கோடு மாடியிலிருந்து குதித்ததுபோல் கீழே வந்தது. "மக்களின் நாக்கு கல்வி பெற்றுவிட்டது" என்று அதன் அடியில் எழுதினார்.

நாக்கு என்ன பெற்றதோ, வயிறு ஒன்றும் பெறவில்லை. நூற்றைம்பது கிராம் சாதம் என்பது கைக்குள் அடங்கும் ஓர் உருண்டை. வாசலில் டீக்கடைக்காரர் பன்னுக்குத் தனி அலமாரி வாங்கினார். அண்ணி நினைத்தால் ஒரு கரண்டி கூடப் போட்டிருப்பாள். ஆனால் பரிமாறும் மேஜையில் தராசை வைத்துக்கொண்டு அதிகாரியே காவல் நின்றார். அவர் கண் தராசின் எண்ணில் இருந்ததால், காய் கட்டைவிரல் நீளம் இல்லை என்பது மட்டும் தப்பியது. நூற்றைம்பத்திரண்டு வந்தால் இரண்டு கிராமைக் கிள்ளி எடுத்தார்.

இதில் அண்ணிக்கு ஒரு தனி வேதனை இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வேதனை. ருசியாகச் சமைத்ததும் அளவைக் குறைத்ததும் ஒரே நாளில் நடந்துவிட்டன. தட்டைத் துடைத்து வைக்கிறார்களே, அது ருசியாலா, பசியாலா? பசியில் இருப்பவன் பலகையைக்கூட நக்குவான். கணவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவருக்குச் சாப்பாட்டைப் பற்றி இருக்கும் ஒரே அபிப்பிராயம் 'சூடா இருக்கு' என்பது. ஒல்லியிடம் கேட்டாள்.

"டேய், சாப்பாடு எப்படிடா இருந்தது?"

"இருந்துச்சா அண்ணி? நான் கவனிக்கறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

"விளையாடாதடா."

"சத்தியமா. மணம் நல்லா இருந்துச்சு. மீதியை நானே யூகிச்சுக்கிட்டேன்."

இருபத்து நாலாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு பிரஸ் மெஷின் திடீரென்று நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒல்லி மெஷினை அணைத்துவிட்டு, பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல அண்ணி. ஒரு கீல் ரெண்டா தெரிஞ்சுது. சரி, கை போறதுக்கு முன்னால நிறுத்திடுவோம்னு நிறுத்திட்டேன்." சிரித்தான். முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட நல அதிகாரி, அவனுக்கு நீர் அருந்தும் பழக்கம் போதாது என்று குறித்துக்கொண்டார்.

அண்ணி சமையலறைக்குத் திரும்பி வந்து, வெறும் பாத்திரத்தைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, வேண்டாம். இன்னும் ஆறே நாள். வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா வாளி காலியா இருக்கும், அடுப்பு நம்மளோடது."

"அடுப்பு இருந்து என்னடி பண்றது? எதிர்ல நிக்கறவன் தலை சுத்தி விழறான்."

"விழறவன் பன்னு வாங்கித் திங்கட்டும்."

"நான் ஆக்கினது திங்கறதுக்கா, பார்க்கறதுக்கா?"

"முழுத் தட்டு போட்டு, முதல் நாள் மாதிரி கொட்டினாங்கன்னா? பத்து கிலோ தாண்டினா நாளைக்கே பாலிஷ் மெஷின். உங்களுக்கு என்னக்கா, அண்ணன் சம்பாதிக்கறார். எங்க வீட்டு மகராசன் எனக்குச் சம்பளம் வர்ற தேதியை என்னைவிட நல்லா ஞாபகம் வெச்சிருக்கறவரு."

அது உண்மைதான். தன் சாப்பாடு நல்லா இருக்கிறது என்று அடித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை.

பழுப்பரிசியில் இன்னொரு தொல்லை உண்டு. வெள்ளை அரிசி என்றால் கடைசி நிமிஷத்தில் மனசு மாறி இன்னும் இரண்டு படி போடலாம். பழுப்பரிசிக்கு வீரத்தையும் காலையிலேயே ஊறப்போட வேண்டும். முப்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு அண்ணி பத்து நிமிஷம் அரிசி மூட்டை முன்னால் சும்மா நின்றாள். பிறகு வழக்கமான அளவை எடுத்தாள். அப்புறம் இன்னும் அதே அளவு, அதற்கு மேலும் கொஞ்சம். நூற்றிருபது முழுத் தட்டுக்கு உள்ள அரிசி முழுவதும் தண்ணீருக்குள் போனது.

ஏழு மணிக்கு வந்த சின்னவள் பெரிய அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். "சரி, அரிவாள்மணையைக் கொண்டாங்க. கேரட்டும் அந்த அளவுக்கு வேணுமே" என்றாள். அவ்வளவுதான். கேரட் குவியலை இழுத்துப் போட்டுக்கொண்டு நறுக்க உட்கார்ந்தாள்.

ஊறிய அரிசி அடுப்பேறும் முன் அண்ணி இன்னொன்றும் செய்தாள். முந்தின நாளே, ஸ்டோர்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்து, தராசில் சரியாக நூறு கிராம் அரிசியை நிறுத்து, மெல்லிய துணியில் தொளதொளவென்று முடிந்து, தனிக் கிண்ணத்தில் ஊறவைத்திருந்தாள். அந்த முடிச்சையும் அண்டாவுக்குள் இறக்கினாள்.

பொது மேலாளரை எல்லாரும் பெரிய சார் என்பார்கள். தலைமை அலுவலகத்தில் இருப்பவர், மாதம் ஒருமுறைதான் இந்தப் பக்கம் வருவார். பன்னிரண்டரைக்கு வந்தார். நல அதிகாரி அன்று டை கட்டியிருந்தார். வரைபடத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். பெரிய சாருக்குக் கண் வரைபடத்தில் இருந்தது, மூக்கு சமையலறைப் பக்கம் இருந்தது.

மாதிரித் தட்டு வந்தது. தராசில் வைத்து நிறுத்து, ஒரு பருக்கை பிசகாத தட்டு. பெரிய சார் ஐந்தே வாயில் முடித்துவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கே! சரி, சாப்பாடு போடச் சொல்லுங்க."

"சார், அதுதான் சார் சாப்..., மதிய உணவு."

"இதுவா? நான் ருசி பார்க்கக் குடுத்தீங்கன்னு நினைச்சேன்."

"நீங்கள் இப்போது சாதத்தில் மட்டும் ஐநூற்று நாற்பது கலோரி உட்கொண்டிருக்கிறீர்கள் சார்."

பெரிய சார் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அந்தத் தகவல் வயிற்றுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அண்ணி முன்னால் வந்தாள். சின்னவள் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, பிறகு தானாகவே விட்டுவிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம். இது நூறு கிராம் பழுப்பரிசி. நேத்து இதே தராசுல நிறுத்தது. அப்போ நம்ம ஸ்டோர்காரரும் பார்த்தார். இப்போ வெந்திருக்கு." துணி முடிச்சை அவிழ்த்து, அத்தனையையும் தட்டில் கொட்டி, தராசில் வைத்தாள். இருநூற்றெழுபது கிராம் என்று காட்டியது.

"அரிசி பெருகிடுச்சா?" என்றார் பெரிய சார்.

"அரிசி பெருகல சார். தண்ணி குடிச்சிருக்கு. தண்ணியில கலோரி கிடையாதுன்னு நம்ம சாரே சொல்லியிருக்கார்."

பெரிய சார் நல அதிகாரியின் புத்தகத்தை வாங்கினார். பழுப்பரிசி என்ற வரியைத் தேடிப் பிடித்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'சமைக்காதது' என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே 'பழுப்பரிசி, சமைத்தது' என்றும் இருந்தது. புத்தகம் எழுதியவர் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

அவர் செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "அப்போ இந்த நூற்றைம்பது கிராம்ல இருநூறு கலோரிதான்யா இருக்கு. ஒரு மாசமா இருநூறு கலோரியில பிரஸ் மெஷின் ஓட்ட விட்டிருக்கீங்களா?"

"காய்கறி தனி சார்" என்றார் நல அதிகாரி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில்.

"முதல்ல போட்ட நானூறு கிராம்ல எவ்வளவு வருது தெரியுமா? ஐநூற்று முப்பது."

ஆக, அதிகாரி ஒரு மாதமாகத் தராசு வைத்துத் தேடிக்கொண்டிருந்த கச்சிதமான அளவு, முதல் நாளே தட்டில் இருந்தது. அதை அவர்தான் எடுத்துவிட்டார்.

ஆனால் மனிதர் சுலபத்தில் விழுகிறவர் இல்லை. டையை நேராக்கிக்கொண்டார். "சார், கணக்கு வேறு, வாளி வேறு. முழுத் தட்டு போட்ட ஒரே நாளில் நாற்பத்தேழு கிலோ வாளிக்குப் போனது. அது பதிவில் இருக்கிறது."

அதுவும் நியாயம்தான். பெரிய சார் அண்ணியைப் பார்த்தார். "நிபந்தனை நிபந்தனைதாம்மா. இன்னிக்கு முழுத் தட்டு போட முடியுமா? வாளி பத்து கிலோவைத் தாண்டக் கூடாது."

சின்னவள் போய்ப் பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கினாள். ஆவி கூரைவரை போனது.

வரிசை நகர்ந்தது. தராசு ஓரமாகக் கிடந்தது. அண்ணி பரிமாறுவதைச் சின்னவளிடம் விட்டுவிட்டு, வாளி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். முதல் ஆள் வந்தான். தட்டிலிருந்து நாலு குடைமிளகாய்த் துண்டு வாளியில் விழுந்தது. இரண்டாவது ஆள், மூன்று துண்டு. மூன்றாவது ஆள் குடைமிளகாயை ஓரமாக அடுக்கிவைத்து, மொத்தமாகத் தள்ளினான். அதற்குப் பிறகு பாலிஷ் பிரிவு ஆள் ஒருவன் பாதிச் சாதத்தோடு எழுந்து நேராக வாளியைப் பார்த்து வந்தான். அவன் வாளியைத் தாண்டிப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, மீதியைச் சாப்பிட ஆரம்பித்தான்.

"ஏன்டா, எழுந்திருக்கும்போதே சொல்லிட்டு எழுந்திருக்க மாட்டியா!" என்று அண்ணி கத்தினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய் வேகமாகச் சாப்பிட்டான்.

பெரிய சாரும் ஒரு முழுத் தட்டு வாங்கிக்கொண்டார். நல அதிகாரி முதலில் வேண்டாம் என்றார், பிறகு ஆய்வுக்காக என்றார், பிறகு ஆய்வுக்காக இன்னும் கொஞ்சம் என்றார். தன் திட்டத்தை அவர் வாயில் வைத்துப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. பார்த்துவிட்டு, "பட்டாணி இனிக்கிறதே" என்று சொன்னபோது அவர் முகத்தில் சான்றிதழ் எதுவும் இல்லை, வெறும் பசித்த மனிதன்தான் இருந்தான். அண்ணிக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கடைசி ஆள் கை கழுவியதும் வாளி தராசில் ஏறியது. மூன்று கிலோ இருநூறு கிராம். அதில் முக்கால்வாசி குடைமிளகாய்.

உணவுக்கூடம் மேஜையைத் தட்டிக் கத்தியது. "அடுப்பு இங்கேயே இருக்கட்டும்" என்றார் பெரிய சார். "பாலிஷ் மெஷினுக்கு வேற இடம் பாருங்க. அந்தக் குடைமிளகாயையும் நிறுத்தித் தொலைங்க." வைட்டமின் சி பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்த நல அதிகாரிக்கு, எலுமிச்சை இருக்கிறது என்று சின்னவள் ஞாபகப்படுத்தினாள். பிறகு அவள் சமையலறைக்குள் போய், வெங்காயம் எதுவும் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணி நேராக ஒல்லியிடம் போனாள். அவன் மூன்று தட்டு சாப்பிட்டிருந்தான். நாற்காலியின் முனகலே அதைச் சொல்லிற்று.

"இப்போ சொல்லுடா. பசியில தின்னியா, ருசியில தின்னியா?"

"முதல் தட்டு பசிக்கு அண்ணி. ரெண்டாவது தட்டு, விட்டுப்போன இருபத்தொன்பது நாளுக்கு. மூணாவது தட்டுலதான் நான் ருசியே பார்த்தேன்."

"எப்படி?"

ஒல்லி கண்ணை மூடி யோசித்தான். "உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி இதை எங்க வீட்டுல செஞ்சா நான் லீவு போடுவேன்."

பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு நீளமான பாராட்டு அவளுக்குக் கிடைத்ததில்லை.

அந்த மதியமே பெரிய சார் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். இனி சமையலறையில் அண்ணி வைத்ததே சட்டம், அவளே தொழிற்சாலையின் உணவு ஆலோசகர், சேலையில் குத்திக்கொள்ள அந்தப் பதவி எழுதிய ஒரு பட்டை வேறு. நல அதிகாரி பெருந்தன்மையோடு, ஒரு மாத ஆய்வின் பயனாக ஒரு முக்கியமான பிழை கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகவும், ஆய்வு இல்லாவிட்டால் பிழையே நேர்ந்திருக்காது என்றும் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். யாரும் மறுக்கவில்லை, அது அப்பட்டமான உண்மை.

அண்ணிக்கு அந்தப் பட்டை பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் சின்னவளுக்குத் தவிட்டில் இருக்கும் நார்ச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தாள். "சாப்பாடுன்னு சொல்லாதடி, உணவுன்னு சொல்லு" என்று ஒருமுறை திருத்தவும் செய்தாள். சின்னவள் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் காலை பாலிஷ் பிரிவில் ஆறு பேரை நிற்கவைத்து, மெதுவாகச் செரிக்கும் தானியத்தின் மகிமையை அண்ணி கையை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் விளக்கினாள். ஆறு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஏழாவதாக நல அதிகாரி நின்று குறிப்பெடுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாதம் அடிப்பிடித்துவிட்டது.